மார்ச்சில் விதைத்த செலரி

ஏனோஸ்: போதும் சலோமா, மண்வெட்டியைக் கீழ வை.

சலோமா: இன்னும் ரெண்டு வரிசைக்கு மண் அணைக்கணும். வெயில் பட்டா தண்டு வெளுக்காம பச்சையா நின்னு கசக்கும். அப்புறம் கல்யாணச் சாப்பாட்டுல கடிச்சவங்க எல்லாம் என்னைத்தான் ஏசுவாங்க.

ஏனோஸ்: எத்தனை செடி?

சலோமா: ஐந்நூறு. ஓலை வாசிக்கற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சோளக்கொல்லைக்குப் பின்னால மறைச்சுத்தான் வச்சேன். என்ன பிரயோஜனம்? இத்தனை செலரி கல்யாண விருந்துக்குத்தான்னு யாருக்குத் தெரியாது? இந்த வீட்ல கல்யாணம்னு பால் வண்டிக்காரன் வரைக்கும் பேசறான்.

ஏனோஸ்: கல்யாணம்... அதைப் பத்தித்தான்...

சலோமா: மூஞ்சியைப் பாரு! மனநோய் ஆஸ்பத்திரியில மூணு வருஷம் வேலை பார்த்துட்டு வந்ததுல உனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சா?

ஏனோஸ்: அங்க இருக்கறவங்களைக் கேலி பண்ணாதே.

சலோமா: சரி சரி... சும்மா சொன்னேன்.

யோஸ்ட்: சலோமா! வண்டி பூட்டியாச்சும்மா. பிஷப் வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை சபையில உங்க கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்லிடலாம்ல?

சலோமா: அப்பா, அது வந்து...

யோஸ்ட்: மாப்ளே, என்ன பேச்சையே காணோம்? நம்ம சபையில கல்யாணம் ஆயிட்டா தாடியில கத்தி படக்கூடாது. ஆசை தீர இப்பவே வழிச்சுக்கோ!

ஏனோஸ்: பத்து நிமிஷம் பொறுங்க மாமா.

யோஸ்ட்: யுத்தம் முடியற வரைக்கும் பொறுத்தாச்சு, பத்து நிமிஷமா பெரிசு? குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்.

ஏனோஸ்: அவர் போகக்கூடாது சலோமா.

சலோமா: ...அங்க வேற யாராவது பொண்ணு...?

ஏனோஸ்: சேச்சே!

சலோமா: அப்போ என்னதான்? சொல்லித் தொலையேன்.

ஏனோஸ்: துப்பாக்கியைத் தொடமாட்டேன்னு பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அதிகாரிகிட்ட சொல்லிட்டு வந்தேனே, அந்த நாள் ஞாபகம் இருக்கா?

சலோமா: மறக்குமா? லங்காஸ்டர் சந்தையில கோழை கோழைன்னு கத்தி உன்மேல முட்டையை வீசினானுங்க. சட்டையைத் துவைச்சது யாரு?

ஏனோஸ்: அன்னிக்கு எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா! நம்ம சபை போதிச்சபடி ஒரு மனுஷன்மேல கை ஓங்க மாட்டேன், அதுக்குப் பதிலா என்ன வேலை குடுத்தாலும் செய்யறேன்னு மார்தட்டினேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க...

சலோமா: வேண்டாம் ஏனோஸ். முடிஞ்சதை எதுக்குக் கிளறணும்?

ஏனோஸ்: இன்னும் முடியல. அங்க ரப்பர்ட்னு ஒரு நோயாளி, பெரியவர். முந்தின யுத்தத்துக்குப் போயிட்டு மனசு உடைஞ்சு வந்தவர். தினம் என்னைக் கோழைம்பாரு. ஆனா நீ போடற கடுதாசியை மட்டும் அவரே ஓடிப்போய் வாங்கிட்டு வந்து குடுப்பாரு. உன் காதலி மறக்கலைடாம்பாரு. ஒரு நாள் காலையில கஞ்சிக் கிண்ணத்தை என் மூஞ்சியில கவுத்துட்டாரு. அறுபது நோயாளிக்கு நான் ஒருத்தன். நான் தூங்கி ரெண்டு நாளாச்சு...

சலோமா: பாவம், களைச்சுப் போயிருப்பே...

ஏனோஸ்: சாக்கு எடுத்துக் குடுக்காதே! அடிச்சேன் சலோமா. கையில சாவிக்கொத்து இருந்துச்சு. அதோடயே ஓங்கி அடிச்சேன். காதுலேர்ந்து ரத்தம்... குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டாருன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

சலோமா: அப்புறம்தான் நீ வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கிட்டே.

ஏனோஸ்: மாத்திக்கிட்டேனா? ஓடினேன். மன்னிப்பு கேக்கக்கூட நிக்கல. போன வாரம் சபையில கர்த்தரோட ராப்போஜனத்துக்கு முன்னால, சபைப் பொறுப்புல இருக்கற உங்க அப்பா ஒவ்வொருத்தரையா கேட்டாரே, தேவனோடயும் மனுஷரோடயும் சமாதானமா இருக்கியான்னு... கூசாம 'இருக்கேன்'னேன்.

சலோமா: எல்லாரும்தான் சொன்னோம். அதுக்குன்னு ஆயுசு பூரா அழுவியா? போனது இடது காது ஒண்ணுதானே...

ஏனோஸ்: என்ன சொன்னே?

சலோமா: ஒண்ணுமில்ல. மண்வெட்டியைக் குடு.

ஏனோஸ்: எந்தக் காதுன்னு நான் சொல்லவே இல்லையே. சலோமா, என்னைப் பாரு.

சலோமா: அவர்... எனக்கு எழுதினாரு. நீ அங்கிருந்து போன மறுமாசம். என் கடுதாசி உறையிலேர்ந்து விலாசத்தை எழுதி வச்சிருந்தாரு.

ஏனோஸ்: என்னன்னு?

சலோமா: "இடது காது கேக்கல, பரவாயில்ல. கஞ்சியைக் கொட்டினது நான்தான். பையன் சொல்லாம கொள்ளாம போயிட்டான். எனக்குக் கோபமில்லன்னு சொல்லும்மா. ஒரு வரி எழுதச் சொல்லு."

ஏனோஸ்: எப்போ?

சலோமா: போன வருஷம் ஆகஸ்ட்ல.

ஏனோஸ்: பதினாலு மாசம்! வாராவாரம் எனக்கு எழுதினியே... மழை, மாடு, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் எழுதினே. இதை எழுதக் கை வரலையா?

சலோமா: எழுதினா நீ அவர்கிட்டயே திரும்பிப் போயிடுவே. பிராயச்சித்தம்னு அங்கேயே காலத்தைக் கழிச்சிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? எனக்கு நீ வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அப்பா கேட்டப்ப நானும் 'சமாதானமா இருக்கேன்'னுதான் சொன்னேன்... பெத்தவர் முகத்தைப் பார்த்து. திட்டேன். எதுக்குச் சும்மா நிக்கறே?

ஏனோஸ்: திட்ட எனக்கு வாய் ஏது? நானும் மறைச்சவன்தான்... இப்பவே கிளம்பறேன். முதல்ல அவர் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அப்புறம் சபை நடுவுல முழங்கால் போட்டு என் தப்பைச் சொல்றேன். அதுக்கு மேலயும் உங்க அப்பா பொண்ணு குடுத்தார்னா...

சலோமா: போகாதே.

ஏனோஸ்: இன்னுமா தடுக்கறே?

யோஸ்ட்: குதிரை தண்ணி குடிச்சு முடிச்சிருச்சு, உங்க பத்து நிமிஷம் முடியலையா! ...என்னம்மா, கண்ணு ஏன் இப்படி இருக்கு? ஓலையை வாசிக்கச் சொல்லட்டுமா வேண்டாமா?

சலோமா: வேண்டாம்பா. சபையில முழங்கால் போட ரெண்டு பேர் இருக்காங்கன்னு பிஷப்கிட்ட சொல்லுங்க, என் பேரை முதல்ல சொல்லுங்க. ...ஏனோஸ், நீ போனாலும் அவர் அங்க இல்ல. பிப்ரவரியில ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னொரு கடுதாசி வந்துச்சு. கடைசி மூச்சு வரைக்கும், தபால் வந்துச்சா தபால் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். அதையும் படிச்சு மடிச்சு வச்சிட்டு... மார்ச்ல நான் இந்த செலரியை விதைச்சேன்.