கதவைத் தள்ளாதீங்க

மனைவி: இதாண்ணே கதவு. உள்ள இருக்கறது எங்க சார். தாழ்ப்பாள் சிக்கிடுச்சுங்கறாரு.

பூட்டுக்காரர்: எவ்வளவு நேரமா மேடம்?

மனைவி: காப்பி ஆறி ஆடை கட்டிடுச்சு. அதுக்கும் முன்னாடியே போயிட்டாரு.

கணவன்: பூட்டுக்காரர் வந்துட்டாரா?

மனைவி: வந்துட்டாரு. நீங்க மூச்சை எண்ணுங்க. கணக்கு விட்டுப்போயிடப் போகுது.

பூட்டுக்காரர்: ஐயையோ... சாருக்கு மூச்சு முட்டுதா?

மனைவி: அவருக்கு என்ன முட்டப் போகுது? எனக்குத்தான் முட்டுது. இவங்க ஆபீஸ்ல ஒரு வகுப்பு வெச்சாங்கண்ணே. இல்லறத்துல மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படின்னு. கோபம் வந்தா இடத்தை விட்டு நகரணுமாம். தனியா உட்கார்ந்து மூச்சை எண்ணணுமாம். இந்த வீட்டுல தனியான இடம் இது ஒண்ணுதான்.

பூட்டுக்காரர்: பாத்ரூமா...

கணவன்: அதுல என்ன தப்பு? கத்தறதுக்குப் பதிலா...

மனைவி: கத்துங்களேன்! கத்தினா பதிலுக்கு நானும் ரெண்டு கத்திட்டு வேலையைப் பார்ப்பேன். நான் பாதிப் பேச்சுல இருக்கேன், எழுந்து போயிடறாரு. குழாய்ச் சத்தம் கேட்குது. மீதிப் பேச்சை நான் யார்கிட்ட பேசறது, இந்தக் கதவுகிட்டயா?

பூட்டுக்காரர்: நான் கேட்கக் கூடாது... என்ன சண்டை?

கணவன்: ஒண்ணுமில்ல அண்ணே. சின்ன விஷயம்.

மனைவி: சின்ன விஷயமா? நேத்து இவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேண்ணே. உட்கார்ந்து, யோசிச்சு, அழிச்சு அழிச்சு எழுதினது. பதிலுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கட்டை விரல்.

பூட்டுக்காரர்: கட்டை விரலா?

மனைவி: போன்ல இருக்குமே, மஞ்சளா, தூக்கிக்கிட்டு... அது.

கணவன்: படிச்சுட்டேன்னு அர்த்தம்!

மனைவி: என்ன எழுதியிருந்தேன்? சொல்லுங்க, அண்ணனும் கேட்கட்டும்.

கணவன்: அவர் முன்னாடியா?

மனைவி: நாம இப்பல்லாம் பேசிக்கறதே இல்லைன்னு எழுதியிருந்தேன். அதுக்குக் கட்டை விரல்!

பூட்டுக்காரர்: ...சரி. நான் வேலையைப் பார்க்கறேன். முதல்ல ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கலாம்.

மனைவி: தள்ளாதீங்க!

கணவன்: தள்ளாதீங்க!

பூட்டுக்காரர்: ஏன்?

மனைவி: வாடகை வீடுண்ணே. கதவு உடைஞ்சா வீட்டுக்காரரு ஆடித் தீர்த்துடுவாரு.

கணவன்: நான் கதவை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கேன். மேல பட்டுடும்.

பூட்டுக்காரர்: தள்ளி உட்காருங்களேன்.

கணவன்: இடமில்ல. வாளி இருக்கு.

மனைவி: வாளிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல, பாருங்க.

பூட்டுக்காரர்: இதுக்குத்தான் நான் கல்யாணமே பண்ணிக்கல. ஸ்க்ரூவைக் கழட்டிப் போட ஒரு கிண்ணம் குடுங்க மேடம்.

மனைவி: இந்தாங்க.

பூட்டுக்காரர்: இதுல ஏற்கெனவே ஏதோ கிடக்குதே. ஒரு வளையம், ரெண்டு ஸ்க்ரூ...

மனைவி: கிடக்கும். போன வருஷத்துலேருந்து அப்படியேதான் கிடக்கு. மாட்டித் தாங்க, மாட்டித் தாங்கன்னு நானும் தொண்டை வத்தக் கத்தியாச்சு. சாருக்குக் கை இருக்கறதே கட்டை விரலைத் தூக்கிக் காட்டத்தான்.

பூட்டுக்காரர்: வாசல்ல பெட்டி இருக்கே... ஊருக்கா?

மனைவி: அக்கா வீட்டுக்கு. இன்னொரு தடவை உள்ள போய் உட்கார்ந்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன், திரும்பி வர மாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டேன். இன்னிக்குப் போய் உட்கார்ந்துட்டாரு. அதான்.

பூட்டுக்காரர்: அப்ப கிளம்ப வேண்டியதுதானே? இவரை நான் எடுத்து வெளிய விட்டுட்டுப் போறேன்.

மனைவி: எப்படிப் போறது? என் ப்ரஷ் உள்ள இருக்கு.

பூட்டுக்காரர்: பல் விளக்கற ப்ரஷா?

மனைவி: ஆமா.

பூட்டுக்காரர்: கடையில விக்குது மேடம்.

மனைவி: எனக்கு அந்த ப்ரஷ்தான் வேணும்.

கணவன்: கதவுக்குக் கீழ சந்து இருக்கு. அது வழியா தள்ளவா?

மனைவி: பாத்ரூம் தரையில உரசின ப்ரஷை யாரு வாயில வைப்பா? வெச்ச இடத்துலயே வைங்க! அண்ணே, உங்களுக்கு எண்ணெய் வேணுமா? இருங்க, எடுத்துட்டு வரேன்.

பூட்டுக்காரர்: ...சார்.

கணவன்: சொல்லுங்க.

பூட்டுக்காரர்: மேடம் உள்ள போயிட்டாங்க. தாழ்ப்பாள் சிக்கிடுச்சுன்னீங்களே, இழுத்துப் பார்த்தீங்களா?

கணவன்: பார்த்தேன்.

பூட்டுக்காரர்: இப்ப ஒரு தடவை இழுங்க.

கணவன்: ...இழுத்துட்டேன்.

பூட்டுக்காரர்: சத்தமே வரலையே?

கணவன்: மெதுவா இழுத்தேன்.

பூட்டுக்காரர்: சார், நான் நாள் பூரா இந்த வேலைதான் பார்க்கறேன். சிக்கினவன் இழுக்கற இழுப்பு எனக்குத் தெரியும். அவன் கதவையே பேத்துடுவான். நீங்க என்னமோ ஆத்தங்கரையில காத்து வாங்கற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க.

கணவன்: மெதுவாப் பேசுங்க அண்ணே... நான் வெளிய வந்தா அவ கிளம்பிடுவா. நான் சிக்கிக்கிட்டு இருக்கறவரைக்கும் போக மாட்டா. விட்டுட்டுப் போற ஆள் இல்ல அவ.

பூட்டுக்காரர்: அதுக்காக? சாயங்காலம் வரைக்கும் வாளியோட குடித்தனமா? வெளிய வந்து போகாதேன்னு சொல்லுங்க.

கணவன்: கோபம் அடங்கறவரைக்கும் பேசக் கூடாதுன்னு வகுப்புல சொன்னாங்க.

பூட்டுக்காரர்: யாரு கோபம்?

கணவன்: ...அதைச் சொல்லலை.

பூட்டுக்காரர்: நல்ல வகுப்பு.

மனைவி: இந்தாங்க எண்ணெய். என்ன சொல்றாரு? என்னைப் பத்திக் குறை சொல்லியிருப்பாரே.

பூட்டுக்காரர்: வாளியைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நகருங்க, இந்தத் தகட்டைச் சந்துல விட்டு நெம்பறேன்.

மனைவி: அவசரமில்லண்ணே. மெதுவாவே செய்ங்க.

பூட்டுக்காரர்: மெதுவாவா? போன்ல, அவரு மயங்கி விழுந்துடப் போறாரு ஓடி வாங்கன்னீங்க!

மனைவி: அப்ப அப்படி இருந்துச்சு.

கணவன்: நிஜமாவா? பயந்தியா?

மனைவி: உங்ககிட்ட யாரு பேசினா? எண்ணுங்க.

பூட்டுக்காரர்: கொஞ்சம் ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா... இருங்க. இருங்க... மேடம், நான் தகட்டை விட்டதோட சரி. கதவு தானா அசையுது.

மனைவி: தள்ளாதீங்க!

கணவன்: தள்ளாதீங்க!

பூட்டுக்காரர்: இதுல மட்டும் என்ன ஒத்துமை! தாழ்ப்பாள் பாட்டுக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. அது போய் நுழையறதுக்கு நிலையில வளையமே இல்ல. கழண்டு விழுந்த தடம்தான் இருக்கு. வளையம்... மேடம், இந்தக் கிண்ணத்துல கிடக்கறது எந்தக் கதவோடது?

மனைவி: எண்ணெய் போதுமாண்ணே?

பூட்டுக்காரர்: உங்களைத்தான் கேட்கறேன்.

மனைவி: இந்தக் கதவோடதுதான்.

பூட்டுக்காரர்: அப்ப இந்தக் கதவு பூட்டவே இல்ல! போன வருஷத்துலேருந்து பூட்டவே முடியாது! குழந்தை தள்ளினாக்கூட திறக்கும். உங்களுக்குத் தெரியுமா?

மனைவி: தெரியும்.

பூட்டுக்காரர்: தெரிஞ்சுமா என்னை இந்த வெயில்ல வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வர வெச்சீங்க? நீங்களே தள்ளித் தொலைக்க வேண்டியதுதானே?

மனைவி: நான் ஏன் தள்ளணும்? எழுந்து போனது அவரு. அவருதான் வரணும். எப்பவும் நான்தான் பின்னாடியே போய்ப் பேசணுமா? இன்னிக்காவது வருவாரான்னு பார்த்தேன். வரல. கிளம்பிடுவேன்னு வாயால சொல்லியும் ஆச்சு. பெட்டியை எடுத்து வெச்சேன்... கால் நகரல. நானா தள்ளினா என் மானம் போயிடும். வேற யாராவது திறந்து விட்டாப் போதும்னு இருந்துச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.

பூட்டுக்காரர்: ரெண்டு பேரும் படிச்சவங்க வேற! கதவு திறக்க மூணாவது ஆள்! சார், கேட்டுச்சா?

கணவன்: கேட்டுது.

பூட்டுக்காரர்: வளையம் இல்லாதது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

மனைவி: அவருக்கு எங்க தெரியப் போகுது? மாட்டித் தாங்கன்னு நான் கத்தினது எதுவுமே காதுல விழலையே.

கணவன்: விழுந்துச்சு.

மனைவி: விழுந்துமா மாட்டல?

கணவன்: மாட்டிட்டா... நீ தள்ளும்போது கதவு திறக்காம போயிடுமே.