மெத்தைக்கு அடியில் காற்று

"கடல்ல ஏழு போட்டுல மெத்தை காஞ்சது ஒங்களாலதான் மாமா."

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில் இதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். வெளியே மழை. முன் சீட்டில் மூன்று பேர். பேசியவன் நீர்கொழும்பில் போட்டு என்கிற மீன்பிடிப் படகில் வேலை செய்து லீவில் வந்திருப்பவன். பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் அவனுடைய மாமா. ஜன்னலோரம் அத்தை.

"நான் என்னப்பா செஞ்சேன்?"

"கொழுந்துக்கு மாதிரி மெத்தைக்கும் அடியில காத்து போகணும்னு நீங்கதானே சொன்னீங்க. படுக்குற பலகைய எடுத்துட்டு வலையக் கட்டி அதுமேல மெத்தையப் போட்டேன். பூஞ்சணமே புடிக்கல. பக்கத்து போட்டுக் கூட்டாளிக்கும் ரேடியோவுல சொன்னேன்."

"அப்புறம்?"

"கூப்புடுற சேனல்ல கூப்புட்டுட்டு, வேற சேனலுக்கு மாறித்தான் பேசணும். நான் மாற மறந்துட்டேன். எல்லாப் போட்டுக்கும் கேட்டுருச்சி. பேசுற பட்டன விட்டதும் ஒரு போட்டுக்காரரு சிங்களத்துல திட்டுறாரு, ஆபத்துக்குக் கூப்புடுற எடத்துல மெத்தை கதையான்னு."

"ஐயையோ."

"திட்டி முடிச்சிட்டு, அடியில எவ்வளவு எடம் விடணும்னு கேட்டாரு. இப்ப ஏழு போட்டுல வலை கட்டியாச்சி."

மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எம் பேரச் சொன்னியா?"

அத்தை அதுவரை மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம லயத்து வீட்டுல மெத்தை இன்னும் ஈரத் தரையிலதான் கெடக்கு. அத இவருகிட்டச் சொல்ல எந்தச் சேனலுக்கு மாறணும் தம்பி?"