மலட்டுக் கோழிக் குழம்பு

— பொறும் பாய், சோத்துல கை வைக்காதேயும். மொதல்ல தீர்ப்பைச் சொல்லும். இந்தக் கூடையில இருக்க ஆறு குஞ்சுக்கும் அப்பன் உம்ம வீட்டுச் சேவல்தானே?

— அரே பிரம்மநாயகம், ஞாயித்துக்கெழமை சாப்பிட வாரும்னு கூப்பிட்டீரு. வந்து உக்காந்த பொறவு கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கீரு. கேஸு எம்மேலயா, என் சேவல் மேலயா?

— சேவல் மேலதான். நீரு ஜாமீன்.

— முருகம்மா தங்கச்சி, இதுக்குத்தான் கூப்பிட்டு விட்டியளா?

— நான் கோழிக் குழம்பு திங்கத்தான் கூப்பிட்டேன் ரவூப் அண்ணே. கோர்ட்டு இவுக ஏற்பாடு. ஒரு வாரமா இதே பொலப்பம். சயான்ல ரயில் ஏறுனவுக, குஞ்சு நெனப்புல மாட்டுங்காவுல இறங்காம தாதர் வரைக்கும் போயிருக்காக. ஒர்க்ஷாப்புல லேட்டுக்கு என்ன காரணம்னு கேட்டா, சேவல்னா சொல்ல முடியும்?

— ஏளா, நீ குழம்பைப் பாரு. பாய், கேளும். என் கருங்கீரி இருந்துச்சே, அது என்ன தெருவுல மேயுத சேவலா? பெருவிடைச் சாதி, சண்டைச் சேவல்! நிமிந்து நின்னா என் இடுப்பைத் தொடும். ஏரல்லேருந்து தாராவி வரைக்கும் மடியில வச்சுக் கொண்டாந்தேன். ரயில்ல அது படுத்து வந்துச்சு, நான் உக்காந்து வந்தேன்.

— தெரியும்வே. டிக்கெட்டு செக்கர் வந்தப்ப கைக்குழந்தைன்னு துணியைப் போத்திக் காட்டுனீரு. குழந்தை அவரு பேனாவைக் கொத்திட்டு. ஆயிரம் வாட்டி கேட்டாச்சு.

— அந்தக் கருங்கீரி ஆடி மழையில வெள்ளைக்கழிச்சல் வந்து போயிட்டு. ஊருல எங்க அண்ணன் வச்சிருந்த கூட்டத்துலயும் அதே நோவு. ஒண்ணு கூட மிஞ்சல. அந்த வம்சத்துல சேவலே அத்துப் போச்சு பாய். எங்கிட்ட மிஞ்சினது மூணு பொட்டை. அதுல ரெண்டு, தை மாசம் முட்டை போட்டுச்சு. சேவல் இல்லாத வீட்டு முட்டை. பொரிக்கவா செய்யும்?

— பொரிச்சிட்டே.

— பொரிச்சிட்டே! ஆறும்லா பொரிச்சிட்டு! எப்படிவே?

— அல்லா குடுத்தான்.

— குடுக்கட்டும். ஒரு சேவலை வச்சுத்தானே குடுப்பான்? அது எந்தச் சேவல்?

— பொரிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எதுக்குவே எங்க வீட்டுக் கோழிக்கு அடியில கொண்டாந்து வச்சீரு?

— அது நான் பண்ணின வேலை அண்ணே. பீவி மதினி வீட்டுக் கோழி அடைக்கு உக்காந்து, வெறும் மண்ணைச் சூடு பண்ணிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. இவுக பொட்டைக உக்காந்தா கனத்துல முட்டை நசுங்கிரும். மதினியோட கோழி எடை கம்மி. சரி, அதோட ஆசைக்கு ஒரு தாலாட்டுன்னு கொண்டுபோயி வச்சேன்.

— அங்கேதான் முட்டை மாறிப் போச்சோ? உம்ம வீட்டுக் கோழி தன் முட்டையை இட்டு, எங்க முட்டையைத் தள்ளி விட்டுருக்குமோ?

— இவுகளுக்கு இதுல வேற சந்தேகம். ஒவ்வொரு முட்டையிலயும் அடுப்புக்கரியால பெருக்கல் கோடு போட்டுத்தான் வச்சேன். கோடு போட்ட ஓட்டை ஒடைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொண்ணும் வெளிய வந்துச்சு. மதினியும் பக்கத்துல இருந்து பாத்தாக.

— கேட்டீரா? அம்மை பக்கா. சரி, அப்பன் என் சேவல்னே வச்சுக்கிடுவோம். அது பண்ணைச் சேவல்வே. வெள்ளை லெகான். வண்ணான்கிட்டேருந்து வந்த வேட்டி மாதிரி நிக்கும். இந்த ஆறுல ஒண்ணுக்காவது ஒரு வெள்ளை இறகு உண்டா?

— நெறம் தாத்தனைக் கொண்டு வரும்.

— இந்தத் தடித்த காலு?

— அம்மையைக் கொண்டு வந்திருக்கு.

— கிளி மாதிரி வளைஞ்ச மூக்கு?

— அதுவும் அம்மைதான்.

— அப்ப என் சேவல் இதுகளுக்குக் குடுத்தது என்னவே? வெறும் கெட்ட பேரா?

— சும்மா சொல்லல பாய். ருசு இருக்கு. தெனமும் விடியக்கருக்கல்ல எங்க கூரைத் தகரத்துல ஏறி நின்னு ஒண்ணு கூவுதே, அது யாரு? எங்க தகரத்துக்கு வரத் தெரிஞ்சவனுக்கு எங்க கோழிக்கூட்டுக்கு எறங்கத் தெரியாதா?

— என் சேவலா கூவுது? அரே! அந்தி சாய்ஞ்சா பூனைக்குப் பயந்து பீவி அதைத் தேயிலைப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவா. விடிஞ்சு, பால் பூத்துக்குப் போயிட்டு வந்துதான் தொறப்பா. நான் உம்ம சேவல் கூவுதுன்னுல்லா சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கேன்!

— எனக்குத்தான் சேவலே இல்லியேவே!

— அப்ப யாருவே கூவுதது?

— அதானே. யாரு கூவுதது?

— நானும் கேட்டிருக்கேன். ஜலதோஷம் புடிச்ச மாதிரி ஒரு சத்தம். பாதியில நின்னுரும். சுடலைமாடனுக்கு நேந்தது பாக்கி இருக்கு, அதான் ஞாபகப்படுத்துதாருன்னு நெனச்சேன். இன்னைக்கு மட்டும் சத்தத்தைக் காணோம்.

— ஆமா தங்கச்சி! இன்னைக்குக் கூவல. பீவி எழுப்பலேன்னா தொழுகை போயிருக்கும்.

— உம்ம சேவலுக்கு இன்னைக்குப் பயம் பாய். பஞ்சாயத்து நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சு போச்சு.

— பொட்டிக்குள்ள இருந்தவனுக்கு யாருவே சம்மன் குடுத்தா? அட, என்ன, கண்ணு கலங்குது உமக்கு?

— காரம்.

— குழம்பு இன்னும் ஊத்தவே இல்லியேவே.

— அந்தா கூடைக்குள்ள நடக்குது பாரும் ஒரு குஞ்சு. தோளைத் தூக்கிக்கிட்டு, இந்தத் தெருவே தனக்குப் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி. கருங்கீரி நடை பாய் அது. பாக்கப் பாக்க நெஞ்சு நெறையுது. மறு நிமிசமே, ‘ஏமாறாதலே, இது பண்ணைக் கலப்பு’ன்னு உள்ள ஒண்ணு சொல்லுது. கலப்பை வச்சு வளத்துக்கிட்டு, இது கருங்கீரி வம்சம்னு நாலு பேருகிட்ட நான் சொல்ல மாட்டேன். கண்ணு முன்னால வச்சுக்கிட்டுச் சொல்லாம இருக்கவும் முடியாது. சுத்தமா இருந்தா அந்த வம்சம் பொழைச்சுது. இல்லேன்னா என்னோட முடிஞ்சுது. அப்பன் யாருன்னு சொல்ல முடியலேன்னா உம்ம வீட்டுப் பிள்ளைகளை நீரே கூட்டிட்டுப் போயிரும்.

— சரிவே. என் சேவல்தான்.

— என்னது?

— என் சேவல்தான். பொட்டிப் பூட்டு சரியில்ல. கள்ளப்பய தெறந்துக்கிட்டு வந்திருக்கான். ஒத்துக்கிட்டேன், போதுமா? ஆறையும் பீவி கண்ணுக்குள்ள வச்சு வளப்பா. நீரு கண்ணைத் தொடைச்சுட்டுச் சோத்தைத் தின்னும்.

— பொய் சொல்லுதீரு.

— ஆமா. பசிக்குல்லா.

— முருகு, குழம்பை ஊத்து. ஊத்திட்டு அந்தக் கூடையை எடுத்துப் பீவிகிட்டக் குடுத்திரு. நான் பாக்காத மாதிரி கொண்டு போ.

— இந்தா ஊத்துதேன். அண்ணே, நெஞ்சுக்கறி உங்களுக்கு.

— பிஸ்மில்லா. மணம் தூக்குது தங்கச்சி. ஆனா... இது கறியா, எங்க பட்டறைத் தோலா? பல்லு கழண்டுரும் போல இருக்கே.

— வேகவே மாட்டேன்னுட்டு அண்ணே. நீங்க அறுத்துக் குடுத்ததுலேருந்து அடுப்புலதான் கெடக்கு.

— அது மலட்டுக் கோழி பாய், அப்படித்தான் இருக்கும். மூணு பொட்டைன்னு சொன்னேம்லா, அதுல மூணாவது. இங்கன தாராவியிலயே பொறந்தது, கருங்கீரி மவ. ரேஷன்ல போடுத அமெரிக்காச் சோளத்தைத் தின்னு தின்னு எருமை மாதிரி வளந்துச்சு. ஒரு முட்டை கெடையாது. கோழி நிக்கத நெலையைப் பாத்தே ஜாதகம் சொல்லுத ஆளு நான். இந்தா போடும், அந்தா போடும்னு என்னையே ஏமாத்திப்போட்டு. இந்த வீட்டுல கோழி அறுத்ததே இல்ல. மொதத் தடவையா மனசைக் கல்லாக்கிக்கிட்டு உம்ம கையில குடுத்தேன்.

— அதும் சும்மா போகலவே. கையைப் பாரும், எப்படிக் கிழிச்சிருக்குன்னு. காலுல கூரா முள்ளு.

— மலடுக்குக் காலுல முள்ளு முளைக்கும் பாய். நீரு தோலு யாவாரி, உமக்குத் தெரியாது.

— இவுகளுக்கு எல்லாம் தெரியும். அதுக்கு உள்ள ஏதோ நோவுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். காதுல வாங்கினாகளா? இன்னைக்குக் கழுவும்போதுல்லா நான் சொன்னது சரின்னு தெரிஞ்சுது.

— என்ன தெரிஞ்சுது உனக்கு?

— நான் கடக்கரையில பொறந்தவ, மீனு கழுவின கை. கோழிக்கு உள்ள என்ன இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன். முதுகெலும்பை ஒட்டி ரெண்டு கட்டி அண்ணே. வெள்ளையா, வழுவழுன்னு, புறா முட்டை தண்டிக்கு. அவ்வளவு பெரிய கட்டி அடைச்சுக்கிட்டு இருந்தா முட்டை எந்த வழியா வரும்? பயப்படாதிய, தூரப் போட்டுட்டுத்தான் குழம்பு வச்சேன். நீங்க சாப்பிடுங்க, நான் கூடையைக் குடுத்துட்டு வந்திருதேன்.

— நில்லு. ரெண்டு கட்டியா?

— ஆமா. ஒண்ணு போல ஒண்ணு. ஜோடியா.

— நேத்து ராத்திரி அதை எங்க வச்சிருந்த?

— காலையில தொரத்திப் புடிக்க முடியாதேன்னு, சின்னக் கூடையைக் கவுத்து மேல அம்மிக் குழவியை வச்சேன். கழுத்தைத் தூக்க முடியாமச் சுருண்டு கெடந்துச்சு. ஏன்?

— கழுத்தைத் தூக்க முடியாம... அதான் இன்னைக்குக் கூவல.

— எதுவே கூவல? சோத்தை வாயில வச்சுக்கிட்டு ஏன் முழிக்கீரு? எலும்பு ஏதும் சிக்கிட்டா?

— பாய், பெருவிடையில எப்பவாவது ஒருக்க ஒண்ணு பொறக்குமாம். பொட்டையோட இறகு, பொட்டையோட வாலு. ஆனா உள்ள ஜோடியா விதைக்காய் இருக்கும், சேவல். பெட்டைமாரின்னு பேரு. எங்க அப்பா ஆயுசு பூரா தேடினாரு. கெடைக்கல.

— கெடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?

— தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்திருப்பாரு. நான் குழம்பு வச்சிருக்கேன். முருகு, கூடையை இறக்கி வையி. அதுக கருங்கீரி பேரப் பிள்ளைகதான், எங்கேயும் போக வேண்டாம். பாய், நீரு தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிக்கிடும். அப்பனை நாம திங்கதைப் பிள்ளைக பாக்க வேண்டாம்.