படம் கலங்கியது அந்த அக்காவின் தவறல்ல

ஐயா, இதை நீங்கள் மட்டும் படியுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காட்டுங்கள், அடி வாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் மட்டும் வேண்டாம்.

நேற்று காவல் நிலையத்தில் அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டதை அருகில் நின்று பார்த்தேன். அதே வரிசையில் எழுதுகிறேன். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. புகார் கொடுத்தவரின் ஒரே மகள். முகவரி அப்பாவின் வாக்குமூலத்தில் உள்ளதே.

அம்மாவுக்குக் கருப்பை வாயில் கட்டி இருப்பது மூன்று மாதங்களுக்கு முன் தெரியவந்தது. கிள்ளி எடுத்த சதைத் துணுக்கு போதாது, கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்த பிறகே சிகிச்சையை முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா எங்களை ஸ்கேன் மையத்தின் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

படம் எடுக்கும் அக்கா அம்மாவின் வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, "உள்ள பயங்கரமா சத்தம் வரும்மா. முக்கால் மணி நேரம் ஆடாம அசையாம படுத்திருக்கணும்" என்றார். அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது. நான், "அப்பா குறட்டையை விடவா பெருசா இருந்துடப் போகுது? பதினாறு வருஷமா கேட்டுப் பழகினதுதானேம்மா" என்றேன். அம்மா, "வாயாடி" என்று தலையில் குட்டிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு அக்கா தனியாக வெளியே வந்தார். "உங்கம்மா வயிறு குலுங்கச் சிரிக்கிறாங்க. அடக்க அடக்கப் பொத்துக்கிட்டு வருது. படம் மொத்தமும் கலங்கிப்போச்சு, இதை வச்சு டாக்டரால எதுவும் சொல்ல முடியாது. இப்ப விபத்துல அடிபட்டவரை உள்ள கொண்டுவராங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முதல் ஆளா கூட்டிட்டு வந்துடு. அப்பாகிட்ட மறக்காம சொல்லணும், என்ன?" என்றார். நான், "சரிக்கா" என்றேன்.

அதன் பிறகு அம்மா உடை மாற்றிக்கொண்டு வந்தார். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு இருந்தது. அது சிரித்ததில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. "உயிரோட பெட்டியில வச்சு மூடின மாதிரி இருந்துதுடி. நல்லவேளை, உங்கப்பா குறட்டை துணைக்கு வந்துது, அச்சு அசல். முடிஞ்சுதுல்ல? இனிமே உள்ள போகச் சொல்ல மாட்டாங்கள்ல?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

இரவு அப்பாவிடம் சொல்லிவிட நினைத்திருந்தேன். அன்று அம்மா பல நாட்களுக்குப் பிறகு தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். குறட்டையை நடித்துக் காட்டினார். அப்பா, "நான் எங்க குறட்டை விடுறேன்? ரெண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுறீங்க" என்றார். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதன் பிறகு சொல்லப் பயமாகிவிட்டது.

முப்பத்தெட்டு நாட்கள் கழித்து, டாக்டர் கொடுத்திருந்த தேதியில் போனபோதுதான் படம் இல்லை என்பது தெரிந்தது. இரண்டாவது முறை படம் எடுத்தபோது அம்மா கொஞ்சமும் அசையவில்லை. படம் தெளிவாக வந்தது. கட்டி வேகமாக வளர்ந்து வெளியே பரவிவிட்டது, அறுவைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

அக்கா, "பொண்ணுகிட்ட சொன்னேனே சார்" என்று அழுதார். அப்பா, "எம்பொண்ணு பொய் சொல்றவ இல்ல. இவங்க உங்கிட்ட ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அம்மா தினமும், "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை படுத்திருப்பேனே" என்கிறார்.

அக்கா சொன்னார். சொல்லாதது நான். இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி; யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கீழே கையெழுத்து

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குறட்டை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் தட்டுவது