சாப்பாட்டு அறையைக் காலி செய்தவன் பேசுகிறேன்

இந்த ஆண்டுவிழா அவைக்குத் தலைமை ஏற்று, தலைவலியையும் சேர்த்து ஏற்றிருக்கும் எங்கள் ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, 'இவன் என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போகிறான்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களே! ஓய்வு பெற்ற பின்னும் எங்களை ஓயவிடாத மூத்தவர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊராரின் ஏச்சை வாங்கிக்கொள்ளும் உடன்பிறவா உடன்பிறப்புகளே! கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்து, தேநீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் உண்மையான ரசிகப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் உடல் வளைந்த வணக்கம். முழுதாக வளையவில்லை, குறுக்கே வயிறு நிற்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

'வேலையிடத்தில் நல்ல மதிய உணவு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார் தலைவர். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே பூனையை மேடையேற்றி, மாலை போட்டு, பாலின் பெருமையைப் பேசு என்கிறார்கள். என் பெயர் இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'டப்பா' என்றால் எல்லாருக்கும் தெரியும். என் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தவர்களுக்கு அதன் காரணமும் தெரியும். வெந்நீர் ஊற்றினால் எழுந்து நிற்கும் கோப்பை நூடுல்ஸ், கத்தரித்துச் சூடேற்றினால் கண் விழிக்கும் பொட்டலச் சோறு, உப்பில் பிறந்து எண்ணெயில் வளர்ந்த வறுவல், இவற்றையெல்லாம் உள்ளே தள்ள ஒரு நுரைக்கும் பானம். அலுவலக மருத்துவர் ஆண்டுப் பரிசோதனையில் என் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றை வரவழைத்தார். அதுவும் கெட்டிருந்தது.

குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் மின்சாரம் போனால் ஓர் எண்ணுக்கு அழைத்துத் திட்டுகிறீர்களே, அந்தத் திட்டைக் கனிவோடு வாங்கிக்கொள்ளும் காதுகள் நாங்கள்தான். காதில் ஒரு கருவி, வாயருகே ஒரு குட்டி ஒலிவாங்கி, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எங்கள் சத்தம் மறுமுனைக்குப் போகாது. ஊமைப் பொத்தான் என்போம். கலைகள் பலவென்பார்கள், அந்தப் பொத்தானை வைத்து நான் வளர்த்த கலை அவற்றுள் ஒன்று. மறுமுனையில் அவர்கள் முகவரி சொல்லத் தொடங்கினால் நான் பொத்தானை அழுத்தி ஒரு வாய் உறிஞ்சிவிடுவேன். வீட்டு எண், மாடி, சந்து, முனை, எதிரே இருக்கும் மருந்துக்கடை என்று நீட்டி முழக்குபவர்கள் நீடு வாழ்க! அவர்களால்தான் நான் வளர்ந்தேன். குட்டை முகவரிக்காரர்கள் வரிசையாக அழைத்த நாளில் பட்டினி கிடந்திருக்கிறேன்.

சாப்பாட்டு அறை இல்லையா என்று யாரோ கேட்கிறீர்கள். இருந்தது ஐயா! ஜன்னலோரம், வெளிச்சமாக, நீள மேசைகளோடு, வரிசை வரிசையாக நாற்காலிகளோடு இருந்தது. போக வேண்டுமே? எழுந்தால் வேலையில் அக்கறை இல்லாதவன் என்று நினைப்பார்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு. என்னைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று கூடமே இருக்கையில் உட்கார்ந்து உறிஞ்சத் தொடங்கியது. ஒரே ஒருத்தி மட்டும் மதியம் ஆனதும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். என் பக்கத்து இருக்கைத் தங்கச்சி. அவளுக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்தவன் அடியேன்தான். பெயர் வைப்பதில் மட்டும் என் மூளை பசியறியாதது.

இப்படி என் ராஜ்யம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு நாள் ஓர் அம்மா அழைத்தார். வீட்டில் வெகுநேரமாக மின்சாரம் இல்லை என்றார். முகவரி சொல்லுங்கள் என்றேன். நல்ல நீளமான முகவரி. அன்று புதிதாக வாங்கிய நூடுல்ஸ். கோப்பையின் மேல் மிளகாய்ப் படம் போட்டிருந்தான், நானோ அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு வாய் உள்ளே போனதும் கண் கலங்கியது, மூக்கு ஒழுகியது, தொண்டை அடைத்தது. விசும்புகிறேன், உறிஞ்சுகிறேன், மூச்சை இழுக்கிறேன். எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன்.

முகவரி பாதியில் நின்றது. அந்த அம்மா மெதுவாகக் கேட்டார், "தம்பி, அழறியா?"

வாய் நிறைய நூடுல்ஸ். நான் என்ன சொல்வேன்? மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். "மேல இருக்கறவங்க யாராச்சும் திட்டிட்டாங்களா? கரண்டு கெடக்குது, விடு. போய் மூஞ்சக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டு வா, போ" என்று சொல்லிப் புகாரைக்கூடப் பதியாமல் வைத்துவிட்டார். அவர் வீடு அன்று மாலைவரை இருண்டு கிடந்ததற்குக் காரணம் கம்பியும் அல்ல, கம்பமும் அல்ல, என் கோப்பை.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், அந்த அம்மா மறுநாள் மேலிடத்துக்கே அழைத்து, 'அந்தப் பிள்ளையை யாரும் அழவைக்காதீர்கள்' என்று மன்றாடாமல் இருந்திருந்தால். எங்கள் பேச்செல்லாம் பதிவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலாளர் பதிவைக் கேட்டார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அழவில்லை, உண்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் நேரே சாப்பாட்டு அறைக்குப் போய்ப் பார்த்தார். அத்தனை நாற்காலியும் காலி. மூலையில் தங்கச்சி ஒருத்தி மட்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலி அறையைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? 'ஊழியர்கள் இருக்கையில் உண்பதையே விரும்புகிறார்கள். எனவே இந்த அறையில் அழைப்பு எடுப்பதற்கான புதிய இருக்கைகள் போடப்படும். மதிய உணவு அவரவர் இடத்திலேயே' என்று அறிவித்தார். அதைக் கேட்டு முதலில் கைதட்டியவன் யார் தெரியுமா? இந்த மேடையில் நின்று நல்லுணவு பற்றி நாவன்மை காட்டிக்கொண்டிருக்கும் இந்த நாயகன்தான்!

கைதட்டி முடித்துத் திரும்பினால் தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். கோபமே இல்லை.

"அண்ணே, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து சுகர். ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிடணும். ரெண்டு போனுக்கு நடுவுல என்னால அதச் செய்ய முடியாது. வேற வேலை தேடிக்கறேன். நீங்க வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதே என்று என்னிடம் சொல்கிறாள்! இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் ஏன் எழுந்து போகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேலி செய்ய நேரம் இருந்தது, கேட்க நேரம் இல்லை. வெட்கமாக இருந்தது, பெரியோர்களே.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பேருந்து ஓட்டுகிறாள், விடியுமுன் கிளம்பிவிடுவாள். "அந்தப் பொண்ணு தனியா உக்காந்ததாலதான அறை போகுது? நீயும் போய் உக்காரு. ஆனா நான் கட்டித் தருவேன்னு மட்டும் நினைக்காத. உனக்கும் ரெண்டு கை இருக்கு" என்றாள். தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள், நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குத்தானே!

அப்படித்தான் நான் அடுப்படியில் அடியெடுத்து வைத்தேன். கொண்டைக்கடலை உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை முதல்நாளே ஊறவைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. கொதித்தது, குதித்தது, வேகவில்லை. பல்லுக்கும் பயறுக்கும் நடந்த போரில் பல் பின்வாங்கியது. என் மாமியார் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, கவண்ல வெச்சு அடிச்சா காக்கா விழும்" என்றார். அதோ, இரண்டாம் வரிசையில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார். வணக்கம் அத்தை.

அந்தக் கூழாங்கற்களை அள்ளிக்கொண்டு போய்த் தங்கச்சிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் என் பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் பாத்திரத்தில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள், கொஞ்சம் சோறு, நிறையக் கீரை. பளபளப்பில்லை, பரபரப்பில்லை, மூடியில் மயக்கும் படமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். மதியத்துக்குப் பின் வழக்கமாக மேசையைத் தேடும் என் தலை அன்று தேடவில்லை. அழைத்தவர்கள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. ஒரு பெரியவர், 'தம்பி இன்னிக்குத்தான் முழுசாக் கேக்கறீங்க' என்றே சொல்லிவிட்டார்.

உடனே நான் உத்தமனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சில நாள் கழித்து ஆசை அடங்காமல் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் அடியில் ஒளிந்து உறிஞ்சினேன். மேலேயிருந்து தங்கச்சி குனிந்து, உறிஞ்சும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கிறது என்றாள். நாய் வாலை நிமிர்த்துவது அவ்வளவு எளிதா? மறுநாள் மறுபடி பாத்திரத்தோடு போனேன்.

'டப்பா சமைக்கிறானாம்' என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் மறுநாள் தாங்களும் ஏதோ கொண்டுவந்தார்கள். பாதிப்பேர் அழைப்புக்குப் பதில் பேச, பாதிப்பேர் உண்ண என்று முறை வைத்துக்கொண்டோம். புதிய இருக்கைகளுக்கு அறையை அளக்கத் தச்சர் வந்தார். காலைத் தூக்குங்கள், நாற்காலியை நகர்த்துங்கள் என்று கெஞ்சினார். அளவு நாடாவை விரிக்க இடமில்லை. சாப்பிட்டுவிட்டு அளக்கலாம் என்றோம். அவரும் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேடி வந்த மேலாளர் வாசலிலேயே நின்றார். அவரையும் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுத்தார். 'இந்தக் கூட்டம் எத்தனை நாளைக்கு? ஆண்டுவிழாவுக்கு மறுநாள் மதியம் வந்து பார்க்கிறேன். நாற்காலிகள் நிறைந்திருந்தால் அறை உங்களுடையது. இல்லையென்றால் தச்சர் வேலையைத் தொடங்குவார்' என்றார். அந்த மறுநாள்தான், தோழர்களே, விடிந்தால் வரப்போகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நம்மை எனக்குத் தெரியும். நாம் ஆரம்ப சூரர்கள். இந்த வாரமே ஒருவர் குறைந்தார், இருவர் குறைந்தார். இழுப்பறைகளில் மறுபடி கோப்பைகள் குடியேறுகின்றன. கேட்டால் என்ன சொல்கிறோம்? நேரமில்லை! திட்டு வாங்க நேரமுண்டு, தின்னத்தான் நேரமில்லை. மாத்திரை விழுங்க நேரமுண்டு, மென்று விழுங்க நேரமில்லை. யாருடைய நேரம் இது? யாருடைய வயிறு இது? சுவர் இருந்தால்தானே சித்திரம்? உப்பால் அரித்து, எண்ணெயால் இற்றுப்போன சுவரில் எந்தச் சித்திரத்தை எழுதப் போகிறோம்? நம்முடைய அரை மணி நேரத்தை யாரும் நம்மிடமிருந்து பிடுங்கவில்லை, தோழர்களே. நாமேதான் வேண்டாம் என்று தள்ளினோம். தள்ளியதை நாமேதான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்!

சமைக்கத் தெரிந்தவர் சமைத்து வாருங்கள். தெரியாதவர் இரண்டு பழத்தோடு வாருங்கள். இரவில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் இல்லையா? வெறுங்கையோடு வாருங்கள், பக்கத்துப் பாத்திரத்தில் பங்கு உண்டு. நான் அப்படித்தான் பிழைத்தேன்.

தங்கச்சி, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன், உனக்குப் பிடிக்காது. இத்தனை காலம் இத்தனை நாற்காலிகளுக்கு நடுவே உன்னை ஒற்றையாக உண்ணவிட்டோம். நாளை மதியம் நீ உன் பாத்திரத்தோடு அந்தக் கதவைத் திறக்கும்போது, உனக்கு உட்கார இடமே இருக்கக் கூடாது. அப்படி ஒரு கூட்டம் உள்ளே இருக்க வேண்டும். நான் எழுந்து என் நாற்காலியை உனக்குத் தருகிறேன். நின்றுகொண்டே உண்கிறேன். எனக்கும் கொஞ்சம் வயிறு குறையட்டும்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. சிரித்துக் கேட்டவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. அவையோர் அனைவருக்கும் வணக்கம். நாளைக்குப் பசியோடு வாருங்கள்.