மூணாவது அலமாரி

அறுபதுகளில் ஒரு மத்தியானம், அந்தமானில் லாங் ஐலண்ட் போகும் படகில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குடியேறியவர்களின் பட்டாக்களைப் பாதுகாக்கும் குமாஸ்தா. மற்றவர் கடைக்காரர். கடல் தூங்குவதுபோல் கிடந்தது.

“நேத்து வரைக்கும் மூணாவது அலமாரியை ரெண்டு வருஷமாத் திறக்கவே இல்ல, பாய்,” என்றார் குமாஸ்தா.

“அரே, கேக்க வர்றவங்களுக்கு என்ன சொல்வீங்க?”

“எது எங்க இருக்குன்னு இந்த நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இதைப் பார்த்து இருக்குன்னு சொல்லிடுவேன். குஷியாப் போயிடுவாங்க.”

“பட்டாவையே காட்டுங்கன்னு யாரும் கேக்கலியா?”

“நேத்து ஒரு அம்மா கேட்டாங்க. திறந்தேன். உள்ள பூரா கரையான். கட்டின நூல் மட்டும் கட்டினபடியே இருந்துச்சு. கட்டைத் தொட்டதும் மண்ணா உதிர்ந்துடுச்சு.”

“அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?”

“நோட்டைப் பார்த்தேன். இருக்குன்னு சொன்னேன்.”

கடைக்காரர் நோட்டின் பக்கம் குனிந்தார்.

“என்னோடது எங்க இருக்கு, சார்?”

குமாஸ்தா விரலை நனைத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

“மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு.”

படகு திரும்பியது. சாரல் உள்ளே அடித்தது. கடைக்காரர் சட்டென்று தன் துண்டை எடுத்து அந்த நோட்டின்மேல் போர்த்தினார்.

“தண்ணி தெறிக்குது, சார். பத்திரம்.”