நீல நிறத்தில் ஒரு வரி

எனக்கு இப்போதெல்லாம் படியேறுவது பிடித்திருக்கிறது சார். ஐந்து மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மனைவியின் அண்ணனுடைய வீடு நாலாவது மாடி, அவருடைய ஆபீஸ் ஐந்தாவது மாடி. லிஃப்டை இயக்கும் புரோகிராம் எழுதுகிற ஆபீஸ். அதற்கென்று மச்சானே ஒரு கணினி மொழி உருவாக்கியிருந்தார். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். பகலெல்லாம் அவரோடு வேலை, சாயங்காலம் அவர் பார்க்கிற சேனல். இப்படி ஒன்பது வருஷம்.

ஒருமுறை எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. மச்சானே அவர்களுக்குப் போன் போட்டார். "எங்க மாப்ள எங்கயும் வர மாட்டாருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்று சிரித்துக்கொண்டே வைத்தார். "அண்ணன் எது செஞ்சாலும் நம்ம நல்லதுக்குத்தான்," என்றாள் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளும் வழக்கம்போல ஐந்தாவது மாடிக்குப் போனேன்.

அப்புறம் மச்சானுக்குக் கண் மங்கியது. "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாப்ள. கலர் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். இயந்திரம் கேட்டு நடக்கிற கட்டளை நீலம், வெறும் குறிப்பு சாம்பல். ஒரு வரிக்கு முன்னால் # போட்டால் அது குறிப்பாகிவிடும், இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். அதன்பிறகு அவர் வரிகளைப் படிப்பதையே விட்டுவிட்டார். "நீலமா இருக்கா? அப்ப ஓடும்," என்று கையெழுத்துப் போடுவார். அந்த நிறங்களைத் தருவது நான் எழுதின கோப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

'கதவு திறந்திருந்தால் நகராதே' என்று ஒரு வரி உண்டு. அதற்கு முன்னால் # போட்டேன். அவர் கணினியில் மட்டும் அந்த வரி நீலமாகவும், வெள்ளைத் திரையில் அந்தக் குறி கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளையாகவும் இருக்கும்படி செய்தேன். அவர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எதையும் எங்கள் கட்டட லிஃப்டில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்போம்.

மாதக் கடைசியில் பரிசோதகர் வருவார். பிழை தெரியும், உரிமம் போகும், ஆபீஸை மூடுவார்கள், எனக்கு விடுதலை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்று மனதார நம்பினேன்.

மெக்கானிக் செத்தது பத்தொன்பதாம் நாள். கிரீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அன்று காலை, "என்ன தம்பி, லிஃப்ட் கம்பெனிக்காரரே நடந்து போறீங்க?" என்று கிண்டல் செய்தார். "தொப்பையக் கொறைக்கணும்ண்ணே," என்றேன். சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தார். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவு மூடாமலே அது கிளம்பிவிட்டது.

மச்சானை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். "அந்த வரி நீலமாத்தான் சார் இருந்துச்சு," என்று அவர் அழுததை யாரும் நம்பவில்லை. "அண்ணன் வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்," என்று மனைவி என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தாள். அதற்கு உங்கள் அறை எவ்வளவோ மேல் சார்.

மறுபடியும் சொல்கிறேன், யாருக்காவது ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பத்தொன்பது நாளும் மனைவியைக் கைபிடித்துப் படியில்தான் ஏற்றி இறக்கினேன். மூட்டுவலியில் அழுவாள். "அண்ணன் மட்டும் லிஃப்ட்ல போறாரே?" என்று கேட்பாள்.

"அவர் போகட்டும்," என்பேன்.